பள்ளியின் முதல் மணி

ஆகஸ்ட் பிறந்தால் போதும், அமெரிக்காவின் ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலிருந்தும் பெற்றோருக்கு அறிவிப்புகள் வரத் தொடங்கிவிடும். பேருந்து எண், மதிய உணவுப் பட்டியல், தடுப்பூசிச் சான்றிதழ், விடுமுறை நாட்கள், வாரியக் கூட்டம் நடக்கும் தேதி என எல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலானவற்றை ஒருமுறை பார்த்துவிட்டு மறந்துவிடலாம். ஆனால் ஒரே ஒரு வரி மாறினால் ஊரே கூட்ட அரங்கில் திரண்டுவிடும். பள்ளியின் முதல் மணி எத்தனை மணிக்கு அடிக்கும் என்பதுதான் அந்த வரி.

நமக்குப் பழக்கமான ஏற்பாடு வேறு. இங்கே தலைநகரில் ஒரு துறை முடிவெடுக்கும், மாநிலம் முழுவதும் நடைமுறைக்கு வரும். அங்கே நாடு முழுக்கச் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள். பெரும்பாலானவற்றில் உள்ளூர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் வாரியம் ஒன்று உண்டு. வாரியம் நியமிக்கும் கண்காணிப்பாளர் நிர்வாகத்தைப் பார்ப்பார். செலவில் கணிசமான பங்கு அந்த ஊர் வீட்டு வரியிலிருந்து வருகிறது. வரி கட்டுபவர், வாக்களிப்பவர், பிள்ளையை அனுப்புபவர் மூவரும் ஒரே ஆள் என்பதால், மணி நேரம் மாறும்போது கேள்வி கேட்கும் உரிமை தமக்கு உண்டு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அந்தக் கூச்சலுக்கு அடியில் இரண்டு பெரிய அறிவியல் புதிர்கள் இருக்கின்றன. ஒன்று பதினாறு வயதுப் பிள்ளையின் மூளைக்குள் ஓடும் கடிகாரம். இன்னொன்று மஞ்சள் பேருந்தின் கணக்கு.

கோடைக்காலத் தூக்க முகாம்

1976இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மேரி கார்ஸ்கேடன் என்ற இளம் ஆய்வாளர் ஒரு விசித்திரமான கோடை முகாமைத் தொடங்கினார். சிறுவர் சிறுமியர் பகலில் விளையாடுவார்கள். இரவில் தலையில் மின்முனைகளை ஒட்டிக்கொண்டு, இரவு 10 முதல் காலை 8 வரை படுக்கையில் இருப்பார்கள். அதே பிள்ளைகள் ஆண்டுதோறும் திரும்பி வந்தார்கள். வயது ஏற ஏறத் தூக்கத்தின் தேவை குறையும் என்பது அன்றைய நம்பிக்கை. பத்து வயதுப் பிள்ளைக்குப் பத்து மணி நேரம் வேண்டுமென்றால், பதினாறுக்கு எட்டு போதும் என்று எதிர்பார்த்தார்கள்.

முடிவு வேறாக வந்தது. பத்து மணி நேரம் கொடுத்தால் எல்லா வயதினரும் ஏறக்குறைய ஒன்பதேகால் மணி நேரம் தூங்கினார்கள். சின்னப் பிள்ளைகள் காலையில் தாமாகவே விழித்துக்கொண்டார்கள். பெரிய பிள்ளைகளை எழுப்ப வேண்டியிருந்தது. அதைவிட வியப்பு பகலில் தெரிந்தது. அதே அளவு தூங்கியிருந்தும், பருவமடைந்துகொண்டிருந்த பிள்ளைகளுக்கே பகல் தூக்கம் அதிகமாக வந்தது. வளர்பருவம் தூக்கத்தைக் குறைப்பதில்லை, அதன் அமைப்பையே மாற்றிவிடுகிறது என்பதற்கு அது முதல் தடயம்.

தூக்கத்தை நடத்துவது உடலின் இரண்டு ஏற்பாடுகள். 1982இல் சுவிட்சர்லாந்தின் அலெக்சாண்டர் போர்பெலி இவற்றைச் சேர்த்து ஒரே சட்டகத்தில் விளக்கினார். முதலாவது தூக்க அழுத்தம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் போன்ற பொருட்கள் சேர்ந்துகொண்டே போகும்; ஒரு கட்டத்துக்கு மேல் கண் சொக்கும்; தூங்கினால் கரைந்துவிடும். காப்பி செய்வது இந்த அடினோசின் உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொள்வதுதான். இந்த அழுத்தம் ஏறுவது அரைத்து வைத்த மாவு பொங்குவதைப் போன்றது. சின்னப் பிள்ளைகளுக்கு அது சித்திரை வெயிலில் வைத்த மாவு, பொழுது சாய்ந்தால் பொங்கிவிடும். பருவமடைந்தவர்களுக்கு அது மார்கழி மாவு, நேரம் பிடிக்கும். கார்ஸ்கேடனும் சக ஆய்வாளர்களும் 2005இல் மூளை அலைகளை அளந்து இதைக் காட்டினார்கள். எட்டு மணிக்கே தலை சாயும் பிள்ளை, நான்கைந்து ஆண்டுகளில் பதினொரு மணிக்கும் தெளிவாக உட்கார்ந்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது ஏற்பாடு கடிகாரம். இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிட்டுச் செல்லும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு திரள் ஒன்று இருக்கிறது. அங்குள்ள ஒவ்வொரு அணுவுக்குள்ளும் சில மரபணுக்கள் புரதங்களை உருவாக்குகின்றன. புரதம் போதுமான அளவு சேர்ந்ததும் திரும்பி வந்து, தன்னை உருவாக்கிய மரபணுவையே நிறுத்திவிடுகிறது. பிறகு அந்தப் புரதம் சிதைகிறது, மரபணு மீண்டும் வேலையைத் தொடங்குகிறது. இப்படி ஒரு சுற்று முடிய ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. பழ ஈக்களில் இந்தச் சுழலின் நுட்பத்தைக் கண்டறிந்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

மனிதக் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளமாக ஓடுகிறது. தினமும் சரிசெய்யாவிட்டால் நாளுக்கு நாள் பின்தங்கும். சரிசெய்வது ஒளி. விழித்திரையில் உருவத்தைப் பார்ப்பதற்கென்று இல்லாமல், வெளிச்சம் இருக்கிறதா என்று மட்டும் மூளைக்குச் சொல்லும் தனி அணுக்கள் உண்டு. நீல ஒளி பட்டால் அவை மிக எளிதில் தூண்டப்படும். பார்வை முற்றிலும் இழந்த சிலரிடம்கூட இவை வேலை செய்கின்றன. காலை ஒளி கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளும், இரவு ஒளி பின்னுக்கு இழுக்கும். வெளிச்சம் மங்கியதும் கடிகாரத் திரளின் உத்தரவில் மெலடோனின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் ஏறும். இரவு வந்துவிட்டது என்று உடல் முழுவதற்கும் சொல்லும் செய்தி அது.

பருவமடையும் வயதில் இந்தச் செய்தி தாமதமாகப் புறப்படுகிறது. பிள்ளைகளின் உமிழ்நீரில் மெலடோனினை அளந்தபோது இது தெளிவாகத் தெரிந்தது. செல்போனும் ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொல்ல வழியில்லை. செல்போன் வருவதற்கு முன்பே இந்த மாற்றம் பதிவாகியிருக்கிறது. குரங்கு, எலி போன்ற பாலூட்டிகளின் வளர்பருவத்திலும் இதே போன்ற தாமதம் தென்படுகிறது. ஜெர்மனியின் டில் ரோனபெர்க் ஆயிரக்கணக்கானோரின் தூக்கப் பழக்கத்தைத் தொகுத்து 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தத் தாமதம் சுமார் இருபது வயதில் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்லத் திரும்பத் தொடங்குகிறது. பெண்களுக்கு உச்சம் சற்று முன்னதாகவே வந்துவிடுகிறது.

இயற்கை ஏன் இப்படிச் செய்கிறது? உறுதியான பதில் இல்லாவிட்டாலும் அழகான ஓர் ஊகம் இருக்கிறது. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்சா மக்கள் 33 பேரின் தூக்கத்தை ஆய்வாளர்கள் மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பதிவுசெய்து, 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அத்தனை இரவுகளிலும், எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்கிய தருணங்களைக் கூட்டினால் வந்தது மொத்தமே 18 நிமிடம். இளையவர்கள் தாமதமாகத் தூங்குகிறார்கள், முதியவர்கள் சீக்கிரம் எழுகிறார்கள். யாரும் முறை போட்டுக் காவல் காக்கவில்லை. ஆனாலும் ஏறக்குறைய எப்போதும் யாராவது விழித்திருந்தார்கள். சிங்கம் நடமாடும் காட்டில் இது உயிர் காக்கும் ஏற்பாடாக இருந்திருக்கலாம். வகுப்பறையில்தான் இதற்கு ‘சோம்பேறித்தனம்’ என்று பெயர் வந்துவிட்டது.

விழித்திருக்கும் உடல், தூங்கும் மூளை

கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரவு 11 மணிக்கு முன் தூக்கம் வராத ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணி நேரம் தூக்கம் வேண்டுமென்றால் காலை 8 வரை தூங்க வேண்டும். 1990களில் அமெரிக்காவின் பல உயர்நிலைப் பள்ளிகளில் முதல் மணி 7:20 வாக்கில் அடித்தது. பேருந்தைப் பிடிக்க ஆறு மணிக்கு முன்பே எழுந்தாக வேண்டும். ஒவ்வோர் இரவும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெட்டு.

ஒன்பதாம் வகுப்பில் 8:25 மணிக்குப் பள்ளி சென்று, பத்தாம் வகுப்பில் 7:20க்கு மாறிய மாணவர்களைக் கார்ஸ்கேடன் குழு பின்தொடர்ந்தது. 1998இல் வெளியான அந்த ஆய்வில், காலை 8:30 மணிக்கு அமைதியான அறையில் படுக்கவைத்தால் மாணவர்கள் சில நிமிடங்களிலேயே தூங்கிப்போனார்கள். ஏறக்குறைய பாதிப் பேரிடம் பகல் பரிசோதனையின்போது கனவுத் தூக்கம் நேரடியாகத் தொடங்கியது. சாதாரணமாக அந்த நிலையை அடைய ஒன்றரை மணி நேரம் ஆகும். படுத்தவுடன் அதற்குள் விழுவது நார்கோலெப்சி என்ற தூக்க நோயின் அடையாளம். இவர்களுக்கு நோய் எதுவும் இல்லை. வகுப்பில் உட்கார்ந்திருந்த நேரத்தில் அவர்களுடைய கடிகாரத்துக்கு இன்னும் இரவு முடியவில்லை, அவ்வளவுதான்.

கனவுத் தூக்கம் இரவின் கடைசிப் பகுதியில்தான் அதிகம் வருகிறது. விடியலில் எழுப்பும்போது வெட்டுப்படுவது பெரும்பாலும் அதுவே. பகலில் கற்றதை மூளை நிலைப்படுத்திக்கொள்ளத் தூக்கம் தேவை என்பதை எண்ணினால், பொதுத்தேர்வு நெருங்கும்போது நம் வீடுகளில் பிள்ளையை நான்கு மணிக்கு எழுப்பிவிட்டுப் படிக்கச் சொல்லும் வழக்கத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். எட்டு மணிக்குத் தூங்கியவர் நான்கு மணிக்கு எழலாம். பதினாறு வயதில் எட்டு மணிக்குத் தூங்க உடல் ஒத்துழைப்பதில்லை.

ஊர்கள் செய்த பரிசோதனை

இந்த ஆய்வுகள் இதழ்களோடு நின்றுவிடாமல் பள்ளி அறிவிப்புக்குள் முதலில் நுழைந்த இடம் மினசோட்டா மாநிலத்தின் ஈடைனா. 1994இல் மாநில மருத்துவர் சங்கம் பள்ளி மாவட்டங்களுக்குக் கடிதம் எழுதியது. ஈடைனா மாவட்டம் அதை ஏற்று, 1996இல் உயர்நிலைப் பள்ளியின் முதல் மணியை 7:20இலிருந்து 8:30க்கு நகர்த்தியது. அடுத்த ஆண்டே பக்கத்துப் பெருநகரமான மினியாபொலிஸ் 7:15இலிருந்து 8:40க்கு மாறியது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கைலா வால்ஸ்ட்ராம் இந்த மாற்றங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். தாமதமாகத் தொடங்கினால் பிள்ளைகள் இன்னும் தாமதமாகத்தான் படுப்பார்கள் என்பது எல்லோருக்கும் இருந்த பயம். அப்படி நடக்கவில்லை. படுக்கும் நேரம் ஏறக்குறைய அப்படியே இருந்தது, கிடைத்த நேரத்தைத் தூங்கியே கழித்தார்கள்.

ஆனால் இவை மாணவர்களே எழுதிக் கொடுத்த விவரங்கள். அளந்து பார்க்கும் வாய்ப்பைச் சியாட்டில் தந்தது. 2016 செப்டம்பரில் அந்த மாவட்டம் உயர்நிலைப் பள்ளிகளின் மணியை 7:50இலிருந்து 8:45க்கு மாற்றியது. சியாட்டில் வடக்கே வெகுதூரம் தள்ளியிருக்கும் நகரம். சென்னையில் ஆண்டின் எந்த நாளிலும் சூரியன் காலை ஏழுக்கு முன் எழுந்துவிடும். சியாட்டிலில் ஜனவரி தொடக்கத்தில் உதயமே 7:57க்குத்தான். பழைய நேரப்படி, கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டிய காலை ஒளி பிறக்கும் முன்பே பிள்ளைகள் வகுப்புக்குள் போயிருப்பார்கள்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹொராசியோ தெ லா இக்லேசியாவின் குழு, ரூஸ்வெல்ட், ஃபிராங்க்ளின் என்ற இரண்டு பள்ளிகளில் மாற்றத்துக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் பத்தாம் வகுப்பு மாணவர்களின் மணிக்கட்டில் அசைவுமானியைக் கட்டியது. உயிரியல் ஆசிரியர்களே ஆய்வுக்குக் கைகொடுத்தார்கள். இரவுத் தூக்கம் 6 மணி 50 நிமிடத்திலிருந்து 7 மணி 24 நிமிடமாக உயர்ந்திருந்தது. அதாவது 34 நிமிடம் கூடுதல். அந்த வகுப்பின் மதிப்பெண்கள் 4.5 சதவீதம் உயர்ந்தன. வசதி குறைந்த மாணவர்கள் அதிகம் படிக்கும் ஃபிராங்க்ளின் பள்ளியில், தாமதமாக வருவதும் வராமல் போவதும் குறைந்தன.

34 நிமிடம் சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் ஓர் ஊர் முழுவதிலுமுள்ள பதின்வயதினரின் தூக்கத்தை இந்த அளவு கூட்டுவது மருந்தாலோ அறிவுரையாலோ எளிதில் நடக்கிற காரியமில்லை. அறிவிப்பில் ஒரு வரி மாறியது, நடந்துவிட்டது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014இல், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் 8:30க்கு முன் தொடங்கக்கூடாது என்று பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டு வெளியான அரசுக் கணக்கின்படி, அந்த வரம்புக்குள் வந்த பள்ளிகள் ஐந்தில் ஒன்றுகூட இல்லை. இவ்வளவு தெளிவான அறிவியல் இருந்தும் மணி ஏன் நகரவில்லை?

மஞ்சள் பேருந்தின் கணக்கு

விடை பேருந்து நிலையத்தில் இருக்கிறது. பெரும்பாலான மாவட்டங்களில் ஒரே பேருந்தும் ஒரே ஓட்டுநரும் காலையில் மூன்று நடை போவார்கள். முதல் நடையில் உயர்நிலைப் பள்ளி, இரண்டாவதில் நடுநிலைப் பள்ளி, மூன்றாவதில் தொடக்கப் பள்ளி. எல்லாப் பள்ளிகளும் ஒரே நேரத்தில் தொடங்கினால் மூன்று மடங்கு பேருந்துகள் வேண்டும். ஆகவே மணி நேரத்தைத் தீர்மானிப்பது பாடத்திட்டத்தைவிடப் பேருந்துகளின் எண்ணிக்கைதான். முதல் நடை இருட்டோடு புறப்படும். இருட்டில் நிற்கப் பெரிய பிள்ளைகளை அனுப்பலாம் என்ற பொதுப்புத்தி அவர்களை முதலில் வைத்தது.

பேருந்துத் தடம் போடுவது கணிதத்தின் கடினமான புதிர்களில் ஒன்று. ஒரு பேருந்து 10 நிறுத்தங்களுக்குப் போக வேண்டுமென்றால், எந்த வரிசையில் போவது என்பதற்கே 36 லட்சத்துக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. நிறுத்தங்கள் 20 ஆனால் வழிகள் சுமார் 24,000 கோடி கோடி. இதில் நூற்றுக்கணக்கான பேருந்துகளையும், ஒவ்வொரு பள்ளிக்கும் எந்த மணி என்பதையும் சேர்த்தால், எல்லாச் சாத்தியங்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்கும் கணினி இனியும் வரப்போவதில்லை. மிக நல்ல விடை என்று ஏற்கத்தக்க ஒன்றைச் சாமர்த்தியமாகத் தேடுவதே வழி.

பாஸ்டன் நகரம் 2017இல் இதை ஒரு போட்டியாக அறிவித்தது. எம்.ஐ.டி. நிறுவனத்தின் டிமிட்ரிஸ் பெர்ட்சிமாஸ், அவருடைய மாணவர்கள் ஆர்தர் டெலாரூ, செபாஸ்டியன் மார்ட்டின் ஆகியோரின் அல்காரிதம் வென்றது. தடங்களை மட்டும் மாற்றியதிலேயே 50 பேருந்துகள் மிச்சமாயின, ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் மிஞ்சியது. உற்சாகமடைந்த நிர்வாகம் மணி நேரங்களையும் அதனிடமே ஒப்படைத்தது. உயர்நிலை மாணவர்கள் எட்டுக்கு முன் தொடங்கக்கூடாது, சின்னப் பிள்ளைகள் மாலை வெகுநேரம் பள்ளியில் இருக்கக்கூடாது, செலவும் கூடக்கூடாது என்பவை நிபந்தனைகள். அல்காரிதம் மூன்றையும் பெருமளவு நிறைவேற்றிக் காட்டியது. எட்டுக்கு முன் தொடங்கும் உயர்நிலை மாணவர்களின் பங்கு 74 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறையும் என்றது.

டிசம்பரில் புதிய நேரப் பட்டியல் வெளியானது. 84 சதவீதப் பள்ளிகளின் மணி மாறியிருந்தது. பல தொடக்கப் பள்ளிகள் 7:15க்கே தொடங்கி, மதியம் சாப்பாட்டு வேளை கழிந்ததுமே முடிந்துவிடும். வேலைக்குப் போகும் பெற்றோர் கொதித்தெழுந்தார்கள். மதியத்திலிருந்து மாலைவரை ஐந்து வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார்? சில வாரங்களுக்குள் திட்டம் கைவிடப்பட்டது. பழைய நேரங்களிலும் நியாயம் இருக்கவில்லை, வசதியான பகுதிகளுக்கே வசதியான நேரம் வாய்த்திருந்தது என்று சிலர் சுட்டிக்காட்டினார்கள். ஆனால் பழைய அநியாயத்துக்கு ஊர் பழகிப்போயிருந்தது. புதிய பட்டியலோ ஒரே நாளில் எல்லோர் வீட்டு அட்டவணையையும் கலைத்தது.

கணினிக்கும் தெருவுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரம் 2023 ஆகஸ்ட் 9 அன்று அனுபவித்தது. சுமார் 96,000 மாணவர்கள் படிக்கும் மாவட்டம் அது. ஓட்டுநர் பற்றாக்குறையால் தடங்களை 730 வாக்கிலிருந்து 600 வாக்குக்குக் குறைத்து, ஒன்பது விதமான தொடக்க நேரங்களை வகுத்திருந்தார்கள். பள்ளி திறந்த முதல் நாள், ஒரு நடையில் நேர்ந்த தாமதம் அடுத்த நடையில் பெருகி, அதற்கடுத்த நடையில் இன்னும் பெருகியது. கடைசிக் குழந்தை பேருந்தை விட்டு இறங்கியபோது இரவு 10 ஆக இரண்டு நிமிடம் பாக்கி. மறுநாள் முதல் பள்ளிகளை மூடிவிட்டு, ஒரு வாரத்துக்கும் மேல் கழித்தே படிப்படியாகத் திறந்தார்கள். தாளில் இறுக்கமாகப் போட்ட தடத்தில், புதுக் குழந்தை எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று தேடும் இரண்டு நிமிடத்துக்கு இடம் இருக்கவில்லை.

யாருடைய காலைப்பொழுது?

இரண்டு புதிர்களையும் சேர்த்து வைத்தால் ஒரு வழி கண்ணில் படுகிறது. சின்னப் பிள்ளைகள் இயல்பாகவே சீக்கிரம் எழுபவர்கள், பெரியவர்கள் தாமதமாக எழுபவர்கள். நடைகளின் வரிசையைத் தலைகீழாக்கினால் பேருந்துகளின் எண்ணிக்கை கூடாது. கொலராடோவின் செரி கிரீக் மாவட்டம் 2017இல் இதைத்தான் செய்தது. உயர்நிலைப் பள்ளி 7:10இலிருந்து 8:20க்குப் போனது, தொடக்கப் பள்ளி 9:00இலிருந்து 8:00க்கு வந்தது. லிசா மெல்ட்சர் என்ற ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தபோது, உயர்நிலை மாணவர்கள் இரவுக்கு முக்கால் மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள். சின்னப் பிள்ளைகளிடம் இழப்பு மிகச் சிறிதாகவே இருந்தது.

உடலைப் பொறுத்தவரை விடை கிடைத்துவிட்டது. குடும்பத்தைப் பொறுத்தவரை கிடைக்கவில்லை. வரிசை மாறினால் தம்பி முதலில் வீடு திரும்புவான், அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டிய அக்கா பள்ளியில் இருப்பாள். மாலையில் கடை வேலைக்குப் போகும் மாணவருக்கு ஒரு மணி நேரச் சம்பளம் போகும். விளையாட்டுப் பயிற்சி இருட்டில் முடியும். இவற்றில் எதையும் அல்காரிதம் தன்னால் மதிப்பிட முடியாது. எதற்கு எத்தனை எடை என்று மனிதர்கள் எழுதிக் கொடுத்தால் மட்டுமே அது கணக்குப் போடும்.

பணம் இருந்தால் இந்த இக்கட்டின் ஒரு பகுதியிலிருந்து வெளியே வரலாம். சியாட்டில் 2017இல் நகர அரசின் உதவியோடு கூடுதல் பேருந்துகளை ஓட்டி, மூன்று நடைகளை இரண்டாக்கியது. நடைகள் குறைந்ததால் யாரும் மிக முன்னதாகவோ மிகப் பிந்தியோ தொடங்க வேண்டியிருக்கவில்லை. கலிஃபோர்னியா சட்டத்தின் வழியே போனது. 2019இல் கையெழுத்தாகி 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, உயர்நிலைப் பள்ளி 8:30க்கு முன்னும் நடுநிலைப் பள்ளி 8:00க்கு முன்னும் தொடங்கக்கூடாது. கிராமப்புற மாவட்டங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஃபுளோரிடா 2023இல் இதே போன்ற சட்டம் இயற்றி, நடைமுறைக்கு வரும் முன்பே 2025இல் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்திவிட்டது. செலவும் ஓட்டுநர் பற்றாக்குறையும் அங்கே சொல்லப்பட்ட காரணங்கள்.

ஆக, பள்ளி மணி பற்றிய சண்டையில் அறிவியல் செய்திருப்பது ஒரு முக்கியமான காரியம். முன்பு பேருந்துச் செலவு மட்டுமே எண்ணாகத் தெரிந்தது. பிள்ளையின் தூக்கத்துக்கு விலை இல்லாததால், எப்போது பற்றாக்குறை வந்தாலும் அதிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். இப்போது அந்த இழப்பும் நிமிடக் கணக்கில் அறிவிப்புப் பலகையில் ஏறிவிட்டது. 7:20 என்று எழுதும் வாரியம், தான் மிச்சப்படுத்தும் டாலரோடு, ஒவ்வொரு மாணவரிடமிருந்தும் எவ்வளவு தூக்கத்தை எடுத்துக்கொள்கிறது என்பதையும் தெரிந்துகொண்டுதான் எழுத வேண்டியிருக்கிறது.